நார்வே மாதிரி: வரவும் செலவும்

கடலில் எண்ணெய் எடுக்கலாமா என்ற விவாதம் எந்த நாட்டில் எழுந்தாலும், எடுக்கலாம் என்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் நார்வே. காரணம் இல்லாமல் இல்லை. சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டின் எண்ணெய் நிதியம் 1.5 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. உலகப் பங்குச் சந்தைகளில் உள்ள பங்குகளில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் அதன் கையில். எண்ணெய் கண்ட நாடுகள் பல கடனிலும் உள்நாட்டுச் சண்டையிலும் சீரழிந்திருக்க, இதைச் சாதனை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தச் சாதனையின் வேர் கிணற்றுக்கு வெளியே இருக்கிறது. 1969இன் இறுதியில் அமெரிக்க நிறுவனமான ஃபிலிப்ஸ் வட கடலில் எகோஃபிஸ்க் வயலைக் கண்டுபிடித்தபோது, தன் கடலடி வளத்துக்கு நார்வே உரிமை கோரி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1972இல் வணிகம் செய்ய அரசு நிறுவனமான ஸ்டாட்டாயில், கண்காணிக்க ஒரு தனி இயக்ககம் என்று இரண்டையும் பிரித்தே வைத்தார்கள். அந்த ஏற்பாட்டில் பஸ்ராவிலிருந்து வந்து குடியேறிய நிலவியலாளர் ஃபாரூக் அல்-காசிமுக்குப் பெரும் பங்கு உண்டு. எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் இன்று 78 சதவீதம் வரியாகப் போகிறது. நிதியத்திலிருந்து பட்ஜெட்டுக்கு எடுப்பது, நீண்டகாலச் சராசரியில், ஆண்டுக்கு 3 சதவீத அளவில் நிற்க வேண்டும் என்பது விதி. நார்வேயை உதாரணம் காட்டும் அரசுகள் கிணற்றைக் காட்டுகின்றன. இந்த விதிகளைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

சுற்றுச்சூழலிலும் அந்த நாடு சும்மா இருக்கவில்லை. எரிவாயுவைக் கிணற்றடியிலேயே கொளுத்திவிடுவதற்கு, பாதுகாப்புக்குத் தேவையான அளவு போக, தொடக்கத்திலேயே தடை போட்டது. 1991இல் கடல் மேடைகள்மீது கார்பன் வரி வந்தது. வரிக்குப் பயந்து, ஸ்லைப்னர் வயலில் பிரித்தெடுக்கும் கார்பன் டை ஆக்ஸைடை 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் வீதம் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். வரி கடுமையாக இருந்தால் நிறுவனங்களுக்கு மூளை வேலை செய்யும்!

செலவுப் பக்கம் இவ்வளவு துலக்கமாக எழுதப்படவில்லை.

1980 மார்ச் 27 மாலை, தொழிலாளர்கள் தங்கும் மிதவை மேடையான அலெக்ஸாண்டர் கீலாண்டின் ஐந்து கால்களில் ஒன்று புயலில் முறிந்தது. மேடை கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்துவதற்காக ஒரு குறுக்குக் குழாயில் போட்ட மோசமான வெல்டிங்கிலிருந்து விரிசல் தொடங்கியிருந்தது. விரிசலுக்குள் பெயின்ட் இருந்தது. அதாவது, மேடை கடலுக்கு வருவதற்கு முன்பே அது விரிந்திருந்தது.

குழாய் பதிக்கவும் பழுது பார்க்கவும் கடலடிக்குச் சென்ற முக்குளிப்பாளர்களின் கதை இன்னும் கசப்பானது. ஆழத்திலிருந்து மேலே வரும்போது அழுத்தத்தை எவ்வளவு மெதுவாகக் குறைக்க வேண்டும் என்பதற்கு அட்டவணைகள் உண்டு. நிறுவனங்கள் ஆளுக்கொன்று வைத்திருந்தன. சீக்கிரம் மேலே கொண்டுவருவது போட்டியில் லாபம் என்பதால் அவற்றை வணிக ரகசியமாகக் காத்தன. இறங்கியவர்கள் பலர் மூளையிலும் நரம்பிலும் பாதிப்போடு வாழ்ந்தார்கள். அந்த அபாயத்தை அவர்களுக்குத் தெரியப்படுத்தத் தவறியது நார்வே அரசின் குற்றம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது 2013இல். நிதியம் பிறந்ததோ 1990இல். பணத்துக்கான விதிகளை வகுத்த அதே அரசுக்கு, மனிதர்களின் கணக்கில் இருந்த தவறைச் சுட்டிக்காட்ட ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

கடலும் தன் பங்குக்குக் கணக்குக் கேட்டது. எண்ணெய் உறிஞ்சப்பட்ட சுண்ணப் பாறை நசுங்கி எகோஃபிஸ்க்கின் தரையே உள்வாங்கியது. அதை 1984இல் கண்டறிந்தார்கள். 1987இல் மேடைகளை ஜாக்கி வைத்து 6 மீட்டர் உயர்த்தினார்கள். மீனவர்களின் புகார் வேறு: எண்ணெய் தேட வெடியோசை எழுப்பும் இடங்களில் மீன் ஓடிவிடுகிறது. 1990களில் பேரன்ட்ஸ் கடலில் நடந்த ஆய்வு, காட், ஹாடக் மீன்பாடு சராசரியாகப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. காட் மீன் முட்டையிட வரும் லோஃபோட்டன் கடல் இன்றும் திறக்கப்படாமல் இருப்பதற்கு மீனவர்களின் பிடிவாதமும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு நார்வேயின் ஏட்டிலேயே ஏறுவதில்லை. அங்கே புதிதாக விற்கும் கார்களில் பெரும்பான்மை மின்சாரக் கார்கள். மேடைகளுக்கும் கரையிலிருந்து மின்சாரம் போகிறது. ஏற்றுமதியான எண்ணெயும் வாயுவும் வெளிநாடுகளில் எரிந்து கக்கும் புகையோ, நாட்டுக்குள் வெளியாவதைப்போல் சுமார் பத்து மடங்கு. எரிப்பவன் கணக்கில் எழுது என்பது சர்வதேச வழக்கம். விற்ற காசு மட்டும் ஆஸ்லோவுக்கு வந்துவிடுகிறது.

2024 ஜனவரியில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் இந்த வசதியைத் தொட்டது. எரியும்போது வரும் புகையை மதிப்பிடாமலே அனுமதித்தது தவறு என்று பிரைடாப்லிக், இக்ட்ராசில், டைர்விங் ஆகிய மூன்று வயல்களின் ஒப்புதலைச் செல்லாது என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அதற்குள் பிரைடாப்லிக்கில் எண்ணெய் எடுக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.