சுற்றறிக்கையில் இல்லாத காரணம்

2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜேஜு ஏர் நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று சக்கரங்களை இறக்காமலே, வயிற்றுப்பகுதி தரையில் தேய இறங்கியது. ஓடுபாதை முடிந்த பிறகும் நிற்காமல் சறுக்கிப் போய், எதிரே இருந்த மண்மேட்டில் மோதித் தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். அந்த மேட்டுக்குள் கான்கிரீட் இருந்தது. மேட்டின் மேல் நின்றது லோகலைசர் ஆன்டெனா வரிசை. இறங்கிவரும் விமானத்துக்கு ஓடுபாதையின் மையக்கோட்டைக் காட்டித்தரும் கருவி அது. ஓடுபாதை முனைக்கு அப்பால் இப்படி எதையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், மோதியதும் நொறுங்கி வழிவிடும்படி அதை அமைக்க வேண்டும் என்று பன்னாட்டு விதிகள் வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன.

அங்கே யாருக்கும் விதி தெரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆன்டெனாவைப் புதுப்பிக்க 2020-இல் வெளியிட்ட ஒப்பந்த அறிவிப்பிலேயே, நொறுங்கும் தன்மையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற குறிப்பு இருந்தது என்று விபத்துக்குப் பிறகு செய்தி வந்தது. ஆனாலும் புதுப்பிப்பு வேலை முடிந்தபோது மேட்டின் மேல் 30 செ.மீ. தடிமனில் புதிதாகக் கான்கிரீட் ஏறியிருந்தது. அந்தக் கட்டுமானம், ஓடுபாதையைத் தாண்டிவிடும் விமானத்துக்காக அப்பால் விட்டுவைக்கும் ஓடுபாதை முனைப் பாதுகாப்புப் பகுதிக்கு வெளியே இருப்பதால் அந்த விதி அதற்குப் பொருந்தாது என்பதுதான் அரசுத் தரப்பு முதலில் தந்த விளக்கம்.

இதே பாடத்தை இந்தியா பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே கற்றிருந்தது. 2010 மே 22 அன்று மங்களூரில், பள்ளத்தாக்குகளுக்கு நடுவே மேசைபோல் உயர்ந்து நிற்கும் ஓடுபாதையில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மிகவும் தள்ளி இறங்கி, முனையைத் தாண்டி விழுந்து 158 பேரைப் பலிகொண்டது. ஏர் மார்ஷல் பி.என். கோகலே தலைமையிலான விசாரணை நீதிமன்றம் விமானியின் தவறையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. விமானத்தின் வலது இறக்கை லோகலைசரைத் தாங்கியிருந்த கான்கிரீட் கட்டுமானத்தில் மோதியதையும் அந்த அறிக்கை பதிவு செய்தது. 2018 அக்டோபரில் திருச்சியில் துபாய்க்குக் கிளம்பிய விமானம் அங்கிருந்த லோகலைசர் ஆன்டெனாவையும் மதில் சுவரின் மேற்பகுதியையும் இடித்துக்கொண்டே மேலெழுந்தது. ஆன்டெனா உடைந்தது, சுவர் இடிந்தது. விமானம் சில மணி நேரம் பறந்து மும்பையில் இறங்கியது; உள்ளே இருந்த 136 பேரும் பிழைத்தார்கள்.

விதிகள் மாறுகின்றன. மாறியதை விமான நிலையத்தை நடத்துபவர்களிடம் கொண்டுசேர்க்க ஓர் ஏற்பாடும் இருக்கிறது. அப்படியிருந்தும் விதி தாளில் ஒரு மாதிரியும் தரையில் வேறு மாதிரியும் நிற்பது ஏன் என்பதுதான் கேள்வி. இந்திய ஏற்பாட்டை வைத்தே அதைப் பார்க்கலாம்.

விதி முதலில் மாண்ட்ரியலில் இருக்கும் ஐ.நா.வின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவில் பிறக்கிறது. விமான நிலையங்களுக்கு 14-ஆம் இணைப்பு, பாதுகாப்பு மேலாண்மைக்கு 2013-இல் வந்த 19-ஆம் இணைப்பு. உறுப்பு நாடு அதை ஏற்று உள்நாட்டு விதியாக்க வேண்டும். இயலாவிட்டால் எங்கே வேறுபடுகிறது என்பதை 1944-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் 38-ஆம் பிரிவின்படி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அதைத் தன் விதித்தொகுப்பில் சேர்த்துச் சுற்றறிக்கை விடுகிறது. இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களுக்கு அது தலைமையகம் வழியாகப் போகிறது. தனியார் நடத்தும் நிலையங்கள் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. நிலைய இயக்குநர் தமது நிலையத்தின் கையேட்டைத் திருத்தி, ஊழியருக்குப் பயிற்சி தந்து, படித்தறிந்ததாகக் கையொப்பம் வாங்கி, அடுத்த தணிக்கையில் காட்டுகிறார். பயணியைச் சோதிப்பது தொடர்பான ஆணைகள் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகமான பிசிஏஎஸ் என்ற வேறொரு வாசல் வழியாக வந்து சேரும். விமானிகளுக்கான தகவல் மாற்றங்கள் 28 நாளுக்கு ஒருமுறை சுழலும் பன்னாட்டு நாட்காட்டியை ஒட்டி வரும். இவை அனைத்தும் வந்து விழுவது ஒரே மேசையில்.

இந்த ஏற்பாட்டை வெறும் காகித வேலை என்று தள்ளிவிடுவது அநியாயம். தில்லிக்கும் தூத்துக்குடிக்கும் ஒரே வாசகம், ஒரே அமல் தேதி என்பது சாதாரணச் சாதனை அல்ல. எழுத்தில் இருந்தால்தான் வெளியிலிருந்து வருபவர் சோதிக்க முடியும். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ இந்தியாவின் கண்காணிப்புத் தரத்தை இரண்டாம் வகைக்கு இறக்கியது. 2015 ஏப்ரலில்தான் பழைய நிலை திரும்பியது. 2022 நவம்பரில் ஐகாவோ நடத்திய தணிக்கையில் இந்தியாவின் நடைமுறைப்படுத்தல் மதிப்பெண் 69.95 சதவீதத்திலிருந்து 85.49 ஆக உயர்ந்தது. அந்த ஏற்றத்துக்குப் பின்னால் இருந்ததில் பெரும்பகுதி இந்தக் காகித ஒழுங்குதான்.

விதியை எப்படிக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரியாக நான் சொல்வது, ஓடுபாதையின் நிலையை அறிவிக்க 2021 நவம்பர் 4 முதல் உலகமெங்கும் அமலான புதிய படிவம். 2005 டிசம்பரில் சிகாகோவின் மிட்வே நிலையத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது சவுத்வெஸ்ட் விமானம் ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்துத் தெருவுக்கு வந்து ஒரு காரின் மேல் ஏறியது. காரில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று முன்பு இறங்கிய விமானிகள் சொன்னது ஆளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்காவில் தொடங்கிய வேலைதான் ஐகாவோ வழியாக உலக விதியானது. இப்போது ஓடுபாதையை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை ஓர் எண் தர வேண்டும். காய்ந்த தரைக்கு 6. ஈரம், அல்லது 3 மில்லிமீட்டர் வரை தண்ணீர் என்றால் 5. அதற்கு மேல் தண்ணீர் நின்றால் ஒரேயடியாக 2.

இது ஏன் நன்றாக இறங்கியது? விதி 2016-இலேயே முடிவாகி நான்கு ஆண்டு அவகாசம் கிடைத்தது. கொரோனாவால் இன்னோர் ஆண்டும் சேர்ந்தது. அதைவிட முக்கியம், அது வாசகத்தோடு நிற்காமல், ஜீப்பில் ஓடுபாதைக்குப் போகும் ஊழியரின் கையில் ஓர் அட்டவணையைக் கொடுத்து அவருடைய வேலையையே மாற்றியது. படிக்காமல் கையொப்பமிட்டுத் தப்பிக்க வழியில்லை. மழை பெய்தால் படிவத்தை நிரப்பியாக வேண்டும்.

இதே நல்ல எடுத்துக்காட்டுக்குள்தான் குறையும் உட்கார்ந்திருக்கிறது. அட்டவணையில் பெரும்பகுதி உறைபனி, ஈரப்பனி, பனிக்கட்டி. சென்னைக்கும் கோழிக்கோட்டுக்கும் உயிரான வரி அந்த 3 மில்லிமீட்டர் ஒன்றுதான். இன்னொரு விதியும் இருக்கிறது: ஓடுபாதையின் மூன்று பகுதிகளில் ஒன்றில் கால்பங்கு அல்லது அதற்குக் குறைவான பரப்பே நனைந்திருந்தால், அதற்கு 6 என்றே எழுத வேண்டும். நவம்பர் மழை ஓய்ந்த ஒரு காலையை எண்ணிப் பாருங்கள். ஓடுபாதை பெரும்பாலும் காய்ந்துவிட்டது. ஆனால் சக்கரம் முதலில் தொடும் இடத்தில், ஆண்டுக்கணக்காக ரப்பர் தேய்ந்து வழவழத்துப்போன பட்டையில், லேசான பள்ளத்தில் நீர் தேங்கி நிற்கிறது. பரப்பளவில் அது கால்பங்குகூட இல்லை. விதிப்படி எண் 6. தண்ணீர் சீராகப் பரவாமல் ஓரிடத்தில் நின்றால் அது எங்கே நிற்கிறது என்பதைக் குறிப்புப் பகுதியில் எழுதச் சொல்லி ஐகாவோ இடம் தந்திருக்கிறது. மிட்வேயில் என்ன நடந்தது என்று தெரிந்தவர் அந்தக் குறிப்பை எழுதுவார். எண்ணை மட்டும் கற்றவருக்கு 6 என்று போட்டதும் வேலை முடிந்தது. கையொப்பத்தை வைத்துப் பார்த்தால் இருவரும் பயிற்சி பெற்றவர்களே. தணிக்கையிலும் இருவரும் தேறிவிடுவார்கள்.

ஏற்பாட்டின் மையமான ஓட்டை இதுதான் என்பது என் முடிவு. திருத்தங்களோடு வருவது பெரும்பாலும் திருத்த எண், தேதி, மாற்றிய பத்தி ஆகியவைதான். எந்த விபத்தில், எந்தப் பிழையால் அந்த விதி பிறந்தது என்பது வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. காரணம் தெரியாதவரால் விதியை அதன் எழுத்துப்படி மட்டுமே நிறைவேற்ற முடியும். விதி முன்கூட்டிப் பாராத ஓர் இடம் தன் நிலையத்தில் இருந்தால் அது அவர் கண்ணில் படாது. முவானில் ‘பாதுகாப்புப் பகுதிக்கு வெளியே’ என்ற வாதம் எழுந்ததும் இப்படித்தான். விமானம் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்காது என்பதை மங்களூர் அறிக்கையைப் படித்த எவரும் உணர்ந்திருப்பார்கள்.

தகவல் போய்ச் சேர்ந்தது என்பதை அது புரிந்தது என்பதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் விமானிகள் பக்கமும் உண்டு. 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையில் காத்திருந்த இணைப்புப்பாதையை நோக்கி இறங்கி, கடைசி நொடிகளில் மேலெழுந்தது. பக்கத்து ஓடுபாதை மூடியிருக்கிறது என்ற அறிவிப்பு விமானிகளுக்குத் தந்த 27 பக்கக் கட்டில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. நோட்டாம் எனப்படும், இப்படிக் குவியும் அறிவிப்புகளை யாரும் பொருட்படுத்தாத குப்பை என்று அமெரிக்க விசாரணை வாரியத் தலைவர் ராபர்ட் சம்வால்ட் வெளிப்படையாகவே கண்டித்தார். நிலைய இயக்குநரின் மேசைக் குவியலை இப்படிக் கடுமையாகக் கேள்வி கேட்டவர்கள் நம் நாட்டில் குறைவு.

இன்னொரு சிக்கல், விதி இரண்டு குரலில் பேசுவது. ஓடுபாதை முனைப் பாதுகாப்புப் பகுதி பெரிய ஓடுபாதைகளுக்கு 90 மீட்டர் இருந்தே ஆக வேண்டும். 240 மீட்டர் இருப்பது நல்லது என்பது பரிந்துரை. தணிக்கை முதலாவதைத்தான் தேடுகிறது. ஆகவே ‘விதியைத் தெரிந்துவைத்திருப்பது’ என்பது நாளடைவில் குறைந்தபட்சம் எது என்று தெரிந்துவைத்திருப்பதாகச் சுருங்கிவிடுகிறது. சமதரை நிலையத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். முனைக்கு அப்பால் பள்ளத்தாக்கு விழும் கோழிக்கோட்டில் முடியாது.

2020 ஆகஸ்ட் 7 இரவு துபாயிலிருந்து 190 பேரோடு வந்த விமானம் அங்கே முனையைத் தாண்டி விழுந்து பிளந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விமானத்தைச் செலுத்தியவர் நிர்ணயித்த நடைமுறையைப் பின்பற்றாமல், மிகத் தள்ளித் தரையிறங்கியதே காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை அறிக்கை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நிலையத்தின் ஆபத்துகள் யாருக்கும் தெரியாதவை அல்ல. சென்னையைச் சேர்ந்த கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011-இலேயே அரசின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்கு அதை எழுதியிருந்தார். 2019 ஜூலையில் ஓடுபாதை வெடிப்புகள், ரப்பர் படிவு, தேங்கும் நீர் ஆகியவற்றைக் காட்டி டிஜிசிஏ நிலைய இயக்குநருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பாதுகாப்புப் பகுதியை விரிவாக்க ஏறத்தாழ 14.5 ஏக்கர் நிலம் வேண்டியிருந்தது. அதைக் கையகப்படுத்தித் தர வேண்டியது மாநில அரசு. நிலம் தாமதமானபோது, 2022-இல், ஓடுபாதையின் நீளத்தையே குறைக்கலாமா என்ற யோசனைவரை போனது.

இதில் எந்தக் கட்டத்திலும் இயக்குநருக்கு இன்னொரு சுற்றறிக்கை உதவியிருக்காது. ரப்பரைச் சுரண்டும் வேலை அவர் கைக்கு எட்டும். நிலமும் அதற்கான பணமும் எட்டாது. விதியில் வந்த மாற்றத்தை அவருக்குச் சொல்கிறோம். அவர் நிலத்தில் அதை நிறைவேற்ற முடியாது என்று அவர் திருப்பிச் சொன்னால் அது யாரிடம் போகிறது, எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்பதற்கு அதே கறார் இல்லை. தகவல் கீழே இறங்க அகலமான பாதையும் மேலே ஏற ஒற்றையடிப் பாதையும் போட்டிருக்கிறோம்.

கண்காணிப்பவர்கள் பக்கமும் ஆள் போதாது. டிஜிசிஏவில் அனுமதித்த பணியிடங்களில் பாதிக்கு அருகில் காலியாக இருப்பதை 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகச் சுட்டியது. ஆள் குறைவான அமைப்பு, எண்ணிப் பார்க்கக்கூடியதையே தணிக்கை செய்யும். கையொப்பத்தை எண்ணுவது எளிது. ஓடுபாதை முனைவரை நடந்துபோய், அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் இந்த ஆன்டெனாத் தாங்கி ஏன் மெலிதாக இருக்க வேண்டும் என்று கேட்க நேரமும் அனுபவமும் வேண்டும்.

1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் மாறினால் அதன் கீழுள்ள விதிகளும் படிப்படியாகத் திருத்தம் காணும். இயக்குநர்களின் மேசைக்கு வரும் தாள் இன்னும் கூடும். ஒவ்வொரு திருத்தத்தோடும், அது எந்த விபத்திலிருந்து வந்தது, அங்கே தரை எப்படி இருந்தது என்று ஒரே பக்கத்தில் எளிய மொழியில் எழுதி இணைப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. டிஜிசிஏ நினைத்தால் அடுத்த சுற்றறிக்கையிலேயே தொடங்கலாம். இயக்குநர்கள் இடம் மாறும்போது கோப்புகளை மட்டும் கைமாற்றாமல், போகிறவரும் வருகிறவரும் ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்றும் எழுதிவைக்கலாம். மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் அந்தந்த விபத்தின் விசாரணை அறிக்கையும் அப்போது அவர்கள் கையில் இருக்கட்டும். விதியை நிறைவேற்ற இயலாது என்று இயக்குநர் எழுதும் கடிதத்துக்கும், டிஜிசிஏ நோட்டீஸுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருப்பதுபோல, தலைமையகமும் மாநில அரசும் கெடு தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றில் கடினமானது இதுதான். கோழிக்கோடு முதலில் கேட்பதும் இதைத்தான்.