மூணு கட்டைக்குக் கீழே

ஆவடியிலிருந்து ஒரு தம்பி பார்க்க வந்திருந்தார். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச். மேடையிலும் சரி, சர்ச்சிலும் சரி, அவர் வாசிப்பது பேஸ் கிடார். சீட்டு எடுத்த பணம் நாற்பதாயிரம் கையில் இருந்தது.

"ரெண்டாவதா ஒரு பேஸ் வாங்கணும்ணா. எதை வாங்கலாம்?"

"தம்பி, நான் பி.காம்."

"தெரியும்ணா. வாசிக்கிறவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க கேட்டு எழுதறவரு. கீழ சேர்ல உக்காந்திருக்கிறவனுக்கு என்ன கேக்குது, என்ன கேக்கலைன்னு சொல்லுங்க, போதும்."

பாட்டைப் பற்றி எழுதுகிறவனிடம் இதைவிட நியாயமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. நாமெல்லாம் பாட்டைப் பற்றி எழுதும்போது வரியைப் பற்றி எழுதுவோம், குரலைப் பற்றி எழுதுவோம். மிஞ்சினால் புல்லாங்குழல். பேஸைப் பற்றி எவன் எழுதினான்? கிடாரில் இரண்டு கம்பி அறுந்து மீதி நாலு கம்பியோடு நிற்கும் வாத்தியம் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

'பயணங்கள் முடிவதில்லை' 1982-ல் வந்தது. 'இளைய நிலா' என்றதும் எல்லோரும் அந்த கிடாரைத்தான் சொல்வார்கள். வாசித்தவர் சந்திரசேகர், சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒரு நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிடாரை மறந்துவிட்டுக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் அவர் பாட்டுக்குத் தனியாக நடந்து போய்க்கொண்டே இருப்பார். 'மௌன ராகம்' (1986) படத்தின் 'மன்றம் வந்த' இன்னும் மோசம். பேஸைக் கவனிக்க ஆரம்பித்தால் எஸ்.பி.பி.யே இரண்டாம் பட்சமாகிவிடும் அபாயம் உண்டு. இளையராஜா பேஸுக்கு எழுதியது தாளத்துக்கு முட்டுக் கொடுக்கும் 'டும் டும்' இல்லை, பாட்டுக்கு அடியில் ஓடும் இன்னொரு பாட்டு. அவருடைய ஒலிப்பதிவுகளில் பல வருஷம் பேஸ் வாசித்தவர் சசிதரன். கேசட் அட்டையில் பாடியவர் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் இருந்தது. இவர் பெயரைத் தேட வேண்டியிருந்தது. பிறகு ரஹ்மானின் ஆல்பங்களில் வாத்தியக்காரர்கள் பெயரெல்லாம் அச்சாகத் தொடங்கியபோதுதான் கீத் பீட்டர்ஸ் என்று ஒருவர் பேஸ் வாசிக்கிறார் என்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம்.

அவரிடம் இருப்பது 'ப்ரிசிஷன்' மாடலின் நகல். அசலை லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் 1951-ல் கொண்டுவந்தார். அதற்கு முன் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். அதில் ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபெண்டர் கழுத்தில் மெட்டுகளைப் பதித்தார். வீணையில் மெழுகின் மேல் 24 மெட்டு வைப்பார்களே, அதே சமாசாரம். விரலை வைத்தால் ஸ்வரம் துல்லியமாக விழும். அதனால்தான் அந்தப் பெயர்.

தம்பிக்கு ஆசை 'ஜாஸ் பேஸ்' மேல். அதே ஃபெண்டர் கம்பெனி 1960-ல் கொண்டுவந்த அடுத்த மாடல். கழுத்து சன்னம், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டு. ப்ரிசிஷன் தொண்டையிலிருந்து பேசும் என்றால் ஜாஸ் கொஞ்சம் மூக்காலும் பேசும். அவர் பார்க்கிற வீடியோக்களில் எல்லோரும் அதைத்தான் கட்டை விரலால் அறைந்துகொண்டிருக்கிறார்கள்.

"உங்க ரெக்கார்டிங் ஏதாவது இருக்கா?" என்றேன்.

போனில் மூன்று கல்யாண ரிசப்ஷன்கள் இருந்தன. போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. அந்தச் சுண்டைக்காய்க்கு அவ்வளவு தாழ்ந்த சத்தத்தை உண்டாக்க முடியாது. ஹெட்போன் போட்டு மூன்றையும் கேட்டேன். அவர் டீ குடித்து முடித்து, எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த புத்தகங்களின் முதுகையெல்லாம் படித்துவிட்டார். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

நன்றாகவே வாசிக்கிறார். தாளம் சுத்தம். ஆனால் பதினைந்து பாட்டுக்கு ஐந்தாறு பாட்டில் ஏதோ ஒன்று நழுவியது. தரையில் நின்றுகொண்டிருந்த பேஸ் திடீரென்று மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. இரண்டு மூன்று தடவை திருப்பிக் கேட்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது.

நாலு கம்பி பேஸின் தடிமனான கம்பி 'ஈ'. நம் கணக்கில் மூணு கட்டை. நொடிக்கு 41 அதிர்வு. அதற்குக் கீழே அந்த வாத்தியத்தில் ஸ்வரம் கிடையாது. கல்யாண மேடையில் என்ன நடக்கிறது? மூணு கட்டையில் இருக்கிற பாட்டை பாடகர் மைக்கை மூடிக்கொண்டு "ரெண்டு கட்டைக்கு இறக்கிடுங்க" என்பார். ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தொண்டை அவ்வளவுதான் ஒத்துழைக்கும். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது. ட்ரம்மருக்குக் கவலையே இல்லை. பேஸ்காரருக்கு மட்டும் ஆதார ஸ்வரம் வாத்தியத்தை விட்டே கீழே விழுந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசிக்கிறார். பாட்டு ஒரு படி இறங்கினால் பேஸ் எட்டுப் படி ஏறுகிறது. கேட்கிறவனுக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாது, 'என்னவோ ஒரிஜினல் மாதிரி இல்லியே' என்று மட்டும் தோன்றும். அப்புறம் பந்திக்குப் போய்விடுவான்.

"சர்ச்சுலயும் இப்படியா?"

"அங்க அதுக்கு மேலண்ணா. அக்காங்க எல்லாம் டி-யிலதான் பாடுவாங்க. டி-ன்னா ரெண்டு கட்டை."

இதற்கு ஜாஸ் பேஸ் என்ன செய்யும்? அதற்கும் நாலு கம்பிதான். அதற்கும் மூணு கட்டைக்குக் கீழே பள்ளம்தான். ஒரே செலவை இரண்டு லெட்ஜரில் பற்று எழுதுகிற வேலை. ஸ்டூடியோவில் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்கும், மறுக்கவில்லை. ஃபேனும் குழந்தைகளும் சேர்ந்து கத்துகிற மண்டபத்தில் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற சித்தப்பாவுக்குக் கேட்காது.

இந்த 'ரெண்டாவது' சமாசாரத்தில் உலகத்துக்கே உதாரணம் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஹோஃப்னர் என்ற பேஸை வாங்கினார். வயலின் போன்ற உடம்பு. வாங்கியதற்கு முக்கியக் காரணம் விலை மலிவு. இன்னொரு காரணம், அவர் இடது கைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது. உள்ளே கூடு, எடை குறைவு, சத்தம் 'தும்' என்று எழுந்து சட்டென்று அடங்கிவிடும். 1963-ல் இரண்டாவது வாங்கினார். என்ன வாங்கினார்? இன்னொரு ஹோஃப்னர்! அது ஸ்டெப்னி. வண்டி நிற்காமல் ஓட ஸ்டெப்னி வேண்டியதுதான், ஆனால் அதைப் போட்டால் வண்டி புது ஊருக்குப் போகாது. 1965-ல் கைக்கு வந்த ரிக்கன்பேக்கர்தான் அசல் 'ரெண்டாவது'. கெட்டி மரம், நீளமான கழுத்து, ஸ்வரம் நின்று பேசும். அந்த வருஷத்து 'ரப்பர் சோல்' ஆல்பத்திலிருந்து அவருடைய பேஸைக் கேளுங்கள். அஸ்திவாரமாக இருந்தது வாயைத் திறந்து பாட ஆரம்பிக்கிறது. ஆனாலும் பழையதைப் பரணில் போடவில்லை. 1969-ல் லண்டன் மொட்டை மாடியில் வாசித்தபோது தோளில் தொங்கியது ஹோஃப்னர்தான். (1961-ல் வாங்கிய முதல் ஹோஃப்னர் 1972-ல் திருட்டுப் போய், அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்துவிட்டதாக 2024-ல் அறிவித்தார்கள். நம் ஊரில் சைக்கிள்கூட அப்படித் திரும்பி வந்ததில்லை.)

நம்மிடமே உதாரணம் இருக்கிறது. ராஜரத்தினம் பிள்ளை, சின்னதாய், ஸ்ருதி உயர்ந்த திமிரி நாயனத்தை விட்டு நீளமான, ஸ்ருதி தாழ்ந்த பாரி நாயனத்துக்கு மாறினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த வாத்தியம். திமிரியில் வராத ஒரு குழைவு அவருக்குத் தேவைப்பட்டது, அதற்காகப் போனார். பளபளப்புக்காகப் போகவில்லை.

ஒன்றே போதும் என்று இருந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மோட்டவுன் கம்பெனியின் அறுபதுகளின் ஹிட் பாட்டுகளில் பாதிக்கு மேல் கீழே ஓடுவது ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற ஒரே மனிதரின் விரல். நிஜமாகவே ஒரு விரல், ஆள்காட்டி விரல். 1962-ம் வருஷத்து ப்ரிசிஷன் ஒன்று. தட்டையான நாடா சுற்றிய கம்பி, அது அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அந்த மொத்தையான, இனிப்பான சத்தத்தில் பாதி அழுக்கிலிருந்து வந்தது என்பார்கள். தம்பியிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். "உங்க பழைய பேஸுக்கு அந்தத் தட்டைக் கம்பியைப் போட்டுப் பாருங்க, சில ஆயிரத்தோட முடியும். ராஜா பாட்டுக்கு அதுவே பாதி தூரம் கொண்டுபோய் விட்டுடும்."

இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். எனக்கென்று கேட்டால், மெட்டே இல்லாத பேஸைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். ஜாகோ பாஸ்டோரியஸ் 1962 ஜாஸ் பேஸ் ஒன்றின் மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, படகுக்குப் பூசுகிற எபாக்ஸியைக் கழுத்துக்குப் பூசினார். 1976-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டால் பேஸ் அழுகிறது, சிரிக்கிறது, கமகம்கூட எட்டிப்பார்க்கிறது. வீணைக்கும் சித்ரவீணைக்கும் உள்ள வித்தியாசம்தான். சொல்ல வாய் எடுத்துவிட்டேன். அப்புறம் அந்த மேடையை நினைத்துப் பார்த்தேன். மானிட்டர் கிடையாது, பக்கத்தில் ட்ரம்ஸ், தான் வாசிப்பது தனக்கே கேட்காது. மெட்டு இல்லாமல் விரல் ஒரு நூல் தள்ளிப் போனால் ஸ்ருதி போச்சு. என் ரசனைக்கு அவருடைய சீட்டுப் பணத்தைச் செலவழிக்க எனக்கு உரிமை இல்லை.

ஆக, ஐந்து கம்பி. 'ஈ'க்குக் கீழே 'பி' என்று ஒரு கம்பி, நொடிக்கு 31 அதிர்வு. ரெண்டு கட்டை, ஒண்ணரைக் கட்டை, ஒரு கட்டை எல்லாம் கைக்குள் வந்துவிடும். மண்டபத்து பாக்ஸில் 31 அதிர்வு எங்கே கேட்கும் என்று கேட்கலாம். முழுசாகக் கேட்காதுதான். ஆனால் அதன் மேல் ஸ்தாயி ஒலிகள் சேர்ந்து வருவதால் நம் காது அடியில் இல்லாததையும் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். காது ஏமாறுவதற்கென்றே படைக்கப்பட்ட உறுப்பு.

கஷ்டமும் உண்டு. கழுத்து அகலம், மூன்று மணி நேரம் நின்று வாசித்தால் இடது கை கெஞ்சும். விலை குறைந்த ஐந்து கம்பிகளில் அந்த 'பி' கம்பி துணி காயப்போடுகிற கொடி மாதிரித் தொளதொளவென்று இருக்கும். கடையில் மேலே உள்ள நாலு கம்பியில் வித்தை காட்டிப் பார்ப்பது வீண். ஐந்தாவதில் ஒவ்வொரு மெட்டாக, மெதுவாக, ஸ்வரமாகக் கேட்கிறதா, உறுமலாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே பேட்டரி போடுகிற மாடல் என்றால் வாசிக்காதபோது ஒயரைப் பிடுங்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் தாலி கட்டும் நேரத்தில் மௌனம்தான்.

தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஜாஸ் பேஸ் நல்ல அழகு, நானும் ஒத்துக்கொள்கிறேன். "யோசிக்கிறேண்ணா" என்று போனார்.

இரண்டு மாதம் கழித்து போன். பூந்தமல்லியில் ஒருவரிடம் ஐந்து கம்பி, செகண்ட் ஹேண்ட், இருபத்தி ஆறாயிரத்துக்கு முடிந்ததாம். மிச்சத்தில் பழைய பேஸுக்குத் தட்டைக் கம்பி. "இந்த வெள்ளிக்கிழமை பூந்தமல்லி ஹைரோட்லதாண்ணா புரோகிராம், வாங்க."

போனேன். யார் கல்யாணம் என்று தெரியாமலே மொய் எழுதாமல் ஆறாவது வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே பாடகர் திரும்பி இரண்டு விரலைக் காட்டினார். பாட்டு இறங்கியது. பேஸும் கூடவே இறங்கியது. நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி லேசாக அதிர்ந்ததை உணர்ந்தேன். இரண்டாவது பாட்டும் அப்படியே. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் யாரோ ஒரு பெரியவர் போய் மிக்ஸர்காரரின் காதில் என்னவோ சொன்னார். அவர் ஒரு பட்டனைக் கீழே இழுத்தார்.

மறுநாள் காலையில் தம்பி கூப்பிட்டார்.

"அண்ணா, கேட்டுச்சா?"

"முதல் ரெண்டு பாட்டு கேட்டுச்சு தம்பி."