தோற்ற வழக்கும் நிலைத்த கோட்பாடும்

எழுத்துரிமையைச் சட்டநூலில் பொறித்துவிட்டால் அது காக்கப்பட்டுவிடும் என்று கருதுவோர் பலர். மேற்கு ஜெர்மனியின் 'ஷ்பீகல்' வழக்கு அக்கருத்தை மறுக்கிறது.

1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம், தன் 5ஆம் பிரிவில், தணிக்கை இல்லை என்று அறிவித்திருந்தது. எனினும் 1962 அக்டோபரில், நேட்டோவின் 'ஃபாலெக்ஸ் 62' பயிற்சியை ஆராய்ந்து, நாட்டின் தற்காப்பு ஆயத்தம் குறைவுடையது என ஷ்பீகல் எழுதியதும், தேசத் துரோகக் குற்றச்சாட்டின் பேரில் அதன் ஹாம்பர்க் அலுவலகத்தைக் காவல்துறை ஆக்கிரமித்தது. வெளியீட்டாளர் ருடால்ஃப் ஆவுக்ஸ்டைன் 103 நாள்கள் சிறையிலிருந்தார். மக்கள் வீதிக்கு வந்தனர். பாதுகாப்பு அமைச்சர் ஸ்ட்ராவுஸ் பதவி இழந்தார். 1965இல் கூட்டாட்சி நீதிமன்றம் போதிய சான்றில்லை எனக் கூறி விசாரணையைத் தொடங்கவே மறுத்தது.

ஆயினும், சோதனையே உரிமை மீறல் என்று இதழ் தொடுத்த வழக்கில், 1966 ஆகஸ்ட் 5 அன்று அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தனர். பெரும்பான்மை இல்லாமையால் முறையீடு தோற்றது. சுதந்திரமான பத்திரிகை ஜனநாயகத்திற்கு இன்றியமையாதது என்று உரைத்ததும் அதே தீர்ப்புத்தான்! உயர்ந்த கோட்பாட்டை மொழிந்துவிட்டு, முறையிட்டு நின்றவருக்கு அதன் பயனை மறுத்தது நீதியின் குறையேயாகும்.

எனினும் அக்கோட்பாடு வீண்போகவில்லை. 2007இல் 'சிசரோ' இதழின் அலுவலகச் சோதனை அரசமைப்புக்கு முரணானது என்று அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2012இல், இரகசியத்தை வெளியிடும் செய்தியாளரை உடந்தைக் குற்றத்திலிருந்து விலக்கும் வகையில் சட்டமும் திருத்தப்பட்டது. ஏட்டிலிருந்த உரிமைக்கு வீதியில் நின்ற மக்களும் மன்றத்தில் வாதிட்ட இதழ்களுமே உயிரூட்டினர் என்பதை அரசியல் கற்போர் மறத்தலாகாது.