இரவு ஷிப்ட் முடிந்தபின் ஒரு கொலை

திருப்பூர்ப் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களை, இரவு ஷிப்ட் முடித்த பனியன் தொழிலாளர் வாங்கிச் சென்றதை நாம் கண்டதுண்டு. அட்டைகள் பலவற்றில் ஒரே பெயர்: ராஜேஷ்குமார்.

1947இல் கோவையில் பிறந்து, 1960களின் இறுதியில் சிறுகதைகளோடு தொடங்கிய இவர் 1500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். அந்த எண்ணிக்கையைக் காட்டியே இவரை ஒதுக்கும் திறனாய்வாளரோடு நமக்கு உடன்பாடில்லை. இவரது இரட்டைப் பாதை உத்தியைப் பாருங்கள். தொடர்பற்ற இரு கதைகள் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓடி, இறுதியில் ஒன்றில் ஒன்று சென்று முட்டுகின்றன. ஒரு முடிச்சு அவிழுமுன் மற்றொன்று விழுந்துவிடும். பாடநூலுக்குப் பின் நூலே தொடாதவரையும் நூறு பக்கம் கடக்கச் செய்தது எளிய செயலா?

நம் குறை வேறு. நாம் படித்தவற்றுள் பெரும்பாலும், முதல் அத்தியாயத்தில் விழும் பிணம், விவேக் வந்தவுடன் வெறும் தடயமாகிவிடுகிறது. கொன்றவன் யாரென்று அறிகிறோம். இறந்தவளுக்காக அழுதவர் யாரென்று அறிவதில்லை. வேகம் அதற்கு இடந்தருவதில்லை (பக்கக் கணக்கும்தான்!). ஊர்விட்டு ஊர் வந்து உழைப்போர் நிறைந்த நகரில், முகமறியா ஒருவரின் மரணம் செய்தியாகவே கடந்துபோகிறது. அவர்கள் விரும்பிப் படித்த கதையிலும் அது அப்படியே கடந்துபோக வேண்டுமா?