கழிமுக நைட்ரஜன் சுழற்சியில் நொதிகள்: கலைச்சொல் நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

அறிவியல் தமிழின் வளர்ச்சியைக் கலைச்சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கமாக உள்ளது. ஒரு சொல் தான் குறிக்கும் நிகழ்வைப் பிழையின்றி உணர்த்துகிறதா என்பது அதனினும் முதன்மையான வினாவாகும். 'டீநைட்ரிஃபிகேஷன்' என்பதற்குத் தமிழ் நூல்களில் வழங்கும் 'நைட்ரஜன் வெளியேற்றம்' என்னும் தொடரை, அடையாற்றுக் கழிமுகத்தை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

சொல்லும் பொருள்மயக்கமும்

'கழிவுநீர் வெளியேற்றம்' என்பது ஆற்றுக்குள் மாசு செலுத்தப்படுவதைக் குறிக்கும். 'நைட்ரஜன் வெளியேற்றம்' என்பதோ நீரிலுள்ள நைட்ரஜன் வளியாக நீங்குவதைக் குறிக்கும். மாசு சேர்வதற்கும் நீங்குவதற்கும் ஒரே சொல் வழங்குவதால், கற்போர் நேர்மாறாகப் பொருள்கொள்ள இடமுண்டு. 'நைட்ரஜன் நீக்கம்' என்னும் வழக்கு இம்மயக்கத்தைத் தவிர்க்கிறது. எனினும் இரு தொடர்களும் விளைவை மட்டுமே சுட்டுகின்றன, வினையைச் சுட்டவில்லை.

நொதிகள் காட்டும் உண்மை

இவ்வினை நான்கு படிகளில் நிகழ்கிறது. நைட்ரேட் ரிடக்டேஸ் நைட்ரேட்டை நைட்ரைட்டாகவும், நைட்ரைட் ரிடக்டேஸ் அதனை நைட்ரிக் ஆக்சைடாகவும், நைட்ரிக் ஆக்சைடு ரிடக்டேஸ் அதனை நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாற்றுகின்றன. இறுதிப் படியில், செம்பைக் கொண்ட நைட்ரஸ் ஆக்சைடு ரிடக்டேஸ் நைட்ரஜன் வளியைத் தருகிறது. ஆக்சிஜனாலும் சல்ஃபைடாலும் எளிதில் முடங்குவது இந்நொதியே. அவ்வாறு முடங்கின், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 273 மடங்கு வெப்பமாக்கும் ஆற்றலுடைய நைட்ரஸ் ஆக்சைடு வெளிப்படும். கரிமப்பொருள் மிகுந்த சேற்றிலோ வேறொரு நைட்ரைட் ரிடக்டேஸ் நைட்ரைட்டை அம்மோனியமாக மாற்றுகிறது. அங்கு நைட்ரஜன் நீங்குவதில்லை, நீரிலேயே தங்கிவிடுகிறது.

பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கடலைச் சேரும் அடையாற்றின் வாயை மணல்திட்டு அடைப்பதுண்டு. அப்போது கடலின் ஏற்றவற்றம் தடைப்பட, கழிவுநீர் தேங்கி ஆக்சிஜன் குன்றுகிறது. அம்மோனியா மோனோஆக்சிஜனேஸ் ஆக்சிஜனின்றி இயங்காது. எனவே அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதே தடைப்படுகிறது. நைட்ரேட் இல்லாத இடத்தில் அது வளியாக மாறுவதற்கும் வழியில்லை. கழிமுகம் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்னும் நம்பிக்கைக்கு 'வெளியேற்றம்', 'நீக்கம்' என்னும் சொற்கள் துணைபோகின்றன. நொதிகளின் இயல்பு அந்நம்பிக்கைக்கு உறுதியளிக்கவில்லை.

மாற்றுச் சொல்

வேதியியல் நூல்களில் நிலைபெற்றுள்ள 'ஒடுக்கம்' என்னும் சொல்லே இங்கும் பொருந்தும். 'வளியாக்கும் நைட்ரேட் ஒடுக்கம்', 'அம்மோனியமாக்கும் நைட்ரேட் ஒடுக்கம்' எனப் பகுத்து வழங்கின், தொடக்கப்பொருள், வினை, விளைபொருள் ஆகிய மூன்றும் விளங்கும். தொடர் நீள்வது குறையே. எனினும் பொருள் பிறழ்வதைவிட அது சிறிய குறை.

முடிவுரை

பக்கிங்காம் கால்வாயை அடுத்த தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், அலையாத்திக் காடுகளை ஆராய்ந்துவரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அமைந்துள்ளன. அக்கால்வாய் அடையாற்றோடு இணைகிறது. சொல்லாய்வும் சூழலாய்வும் இவ்வளவு அருகிலிருந்தும் கலைச்சொல்லாக்கத்தில் ஒன்றிணையாவிடின், சொற்கள் பெருகும். அறிவு தெளிவு பெறாது.