பரதன் வரும் மாலையைத் தவறவிடாதீர்கள்

மயிலாப்பூரிலோ தி. நகரிலோ இராமாயண உபன்யாசம் நடந்தால், சீதா கல்யாணத்தன்று சபா நிறைந்துவிடும். பட்டாபிஷேகத்தன்று நிற்கவும் இடமிருக்காது. இடையில் ஒரு மாலை, பரதன் அண்ணன் இராமனைத் தேடிச் சித்திரகூடம் போகும் கட்டம் வரும். அன்று வேறு வேலை இருந்தால் தள்ளிப்போட்டுவிட்டுப் போங்கள். குடும்பத்துக்குள் நடந்துவிட்ட அநியாயத்தை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது என்று அந்த ஒரு மாலை சொல்லித்தருகிறது. அதை முழுதாக ரசிக்கச் சில வழிகள் இங்கே.

யாருக்காக நடந்தது என்று கேளுங்கள்

தாய் கைகேயி, மகனுக்கு நாடும் இராமனுக்குக் காடும் என்று தசரதனிடம் வரம் கேட்டபோது பரதன் கேகய நாட்டில், மாமன் வீட்டில் இருந்தான். அவன் எதையும் கேட்கவில்லை. எதுவும் அவனுக்குத் தெரியாது. திரும்பி வந்தால் தந்தை இல்லை, அண்ணன் காட்டில், அரியணை மட்டும் அவனுக்காகக் காத்திருக்கிறது. எந்த வழக்காடு மன்றமும் அவனைக் குற்றமற்றவன் என்றே சொல்லும். ஆனால் ‘நான் என்ன செய்தேன்?’ என்று அவன் ஒதுங்கவில்லை. செய்தது தானில்லை என்றாலும் செய்யப்பட்டது தனக்காக என்பது அவனுக்கு உறைக்கிறது. கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அப்பாவிடம் பேசிப் பேசி உயில் எழுதவைத்தது வேறு யாராகவோ இருக்கலாம். வீடு நம் பெயருக்கு வந்திருந்தால், அந்தக் கணக்கில் நமக்கும் பங்குண்டு. பரதன் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் இதை மனத்தில் வைத்துக் கேளுங்கள்.

சந்தேகங்களை எண்ணிக்கொண்டே வாருங்கள்

முதலில் இராமனின் தாய் கோசலை. வான்மீகியில் அவள் வார்த்தைகள் சுடும்: நீ ஆசைப்பட்ட இராச்சியம் கிடைத்துவிட்டதே என்கிறாள். பரதன் சபதத்தின்மேல் சபதமாகச் செய்து தன் மனத்தைத் திறந்து காட்டுகிறான். கம்பனிலும் அந்தச் சபதங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்ட கோசலை, காட்டுக்குப் போன மகனே திரும்பி வந்ததுபோல் அவனைத் தழுவிக்கொள்கிறாள். அடுத்து கங்கைக் கரை வேடர் தலைவன் குகன். படையைக் கண்டதும் ஓடங்களை மறித்துப் போருக்கு ஆயத்தமாகிறான். பரதனின் மரவுரியையும் வாடிய முகத்தையும் கண்டதும் உருகி, ஆயிரம் இராமரும் உனக்கு ஈடாகமாட்டார்கள் என்னும் அளவுக்குப் போய்விடுகிறான். பரத்துவாச முனிவரும் ஐயுற்றுக் கேட்கிறார். கடைசியில் சொந்தத் தம்பி இலக்குவன் வில்லை எடுக்கிறான்.

இத்தனை பேரிடமும் பரதன் கோபித்துக்கொள்ளவே இல்லை. ‘என்னையா சந்தேகப்படுகிறீர்கள்?’ என்ற ஒரு கேள்வியில் முறிந்துபோன சமாதானங்கள் நம் வீடுகளில் எத்தனை! நல்ல உபன்யாசகர் இந்த இடங்களில் வேகத்தைக் குறைப்பார். நீங்களும் அவரோடு நின்று கேளுங்கள்.

கைகேயி எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள்

பரதன் தாயைக் கடுமையாகப் பேசுகிறான். ஆனால் தம்பி சத்துருக்கனன், கைகேயியின் மனத்தைக் கலைத்த கூனியைப் பிடித்து இழுக்கும்போது தடுப்பவனும் அவனே. பெண்ணைக் கொன்றால் அண்ணன் நம் முகத்தில் விழிக்கமாட்டார் என்பது அவன் சொல்லும் காரணம். காட்டுக்குப் புறப்படும் கூட்டத்தில் கைகேயியும் போகிறாள். கங்கைக் கரையில் பரதன் அவளை வெறுப்போடு அறிமுகப்படுத்தியும், குகன் அவளையும் தாயென்று கைகூப்பி வணங்குவதாகக் கம்பன் பாடுகிறான். விடைகொடுக்கும் நேரத்தில் இராமன் தம்பியிடம் சொல்வதை வான்மீகியில் கேளுங்கள்: ஆசையாலோ பேராசையாலோ அம்மா உனக்காக இதைச் செய்துவிட்டாள், மனத்தில் வைத்துக்கொள்ளாதே, அவளைத் தாயாகவே நடத்து.

கேட்டது கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்

பரதன் மன்றாடுகிறான். தருப்பைப் புல்லை விரித்து வாசலிலேயே கிடக்கிறான். இராமன் திரும்பவில்லை. பாதுகைகள் மட்டும் கிடைக்கின்றன. அவற்றைத் தலையில் தாங்கிப்போய், அயோத்தியில் தங்காமல் நந்திக்கிராமத்தில் 14 ஆண்டுகள் தவக்கோலத்தில் இருக்கிறான். நடந்ததை யாரும் இல்லாமல் செய்துவிட முடியாது. ஆனால் அநியாயத்தால் வந்த லாபத்தைத் தொடாமல் இருக்க முடியும்.

இதைக் கண்ணால் காண, அடையாறில் 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கி, இப்போது திருவான்மியூரில் இயங்கும் கலாக்ஷேத்திராவின் ‘பாதுகா பட்டாபிஷேகம்’ நாட்டிய நாடகத்துக்குப் போங்கள். 1955-இல் ‘சீதா சுயம்வர’த்தில் தொடங்கி 1970-இல் ‘மகா பட்டாபிஷேக’த்தில் முடிந்த ஆறு நாடக வரிசையில், இது 1960-இல் மேடையேறியது. வான்மீகியின் சுலோகங்களைத் தழுவிய வரிசை இது.

வேறு வேதத்துக் கதையோடு சேர்த்துப் பாருங்கள்

சாந்தோம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஆதியாகமத்து யோசேப்பு தெரியும். குர்ஆனிலும் யூசுப் கதைக்குத் தனி அத்தியாயமே உண்டு. தம்பி யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அண்ணன் யூதாவே, பின்னாளில் இளையவன் பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி கேட்கிறான். அதற்குப் பிறகுதான் யோசேப்பு அழுது, தான் யார் என்று சொல்கிறான். அங்கேயும் மறுபக்கத்தார் தமக்கு வரவேண்டிய சுகத்தை விட்டுக்கொடுத்த பின்பே மன்னிப்பு வாய்விட்டு வருகிறது.

யுத்த காண்டம் வரை காத்திருங்கள்

பாதுகையோடு கதை முடிந்ததாக நினைக்காதீர்கள். போர் முடிந்ததும் தசரதன் விண்ணிலிருந்து வந்து வரம் கேள் என்கிறான். நீங்கள் துறந்த கைகேயியும் பரதனும் மீண்டும் எனக்குத் தாயும் தம்பியும் ஆகவேண்டும் என்று இராமன் கேட்கிறான். கம்பனின் தசரதன் பரதனுக்கு உடனே இசைகிறான். கைகேயிமேல் கோபம் போகாது என்கிறான். அப்போது இராமன், அரசை ஏற்க நினைத்த என் பிழையே தவிர அம்மாவின் பிழை இல்லை என்கிறான். தந்தையின் கோபம் தணிகிறது. ஒருவரையும் வெளியே நிறுத்தாத இந்த இடத்தில்தான் குடும்பம் மறுபடி ஒன்றாகிறது.

எங்கே தொடங்கலாம்?

படிக்க நினைப்பவர்கள் கம்பனில் பள்ளிபடைப் படலத்தில் தொடங்கி அயோத்தியா காண்டத்தை முடித்துவிட்டு, யுத்த காண்டத்து மீட்சிப் படலத்துக்குப் போகலாம். எளிய உரைநடை வேண்டுமென்றால், தி. நகர் பஸ்லுல்லா ரோட்டில் வாழ்ந்த ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ இருக்கிறது. 1958-இல் சாகித்ய அகாடமி விருது பெற்ற நூல். மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியில் 1944-இல் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி ஆங்கிலத்தில் ஆற்றிய 30 சொற்பொழிவுகளும் புத்தகமாக வந்துள்ளன. இராமனை மனிதனாகவே வைத்துப் பேசியவர் அவர். கேட்டு ரசிக்க, சென்னைக் கம்பன் கழகத்தின் கம்பன் விழா இருக்கிறது.

போகும்போது, பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணனையோ தங்கையையோ உடன் அழையுங்கள். அவர்கள் வர மறுத்தாலும் அழையுங்கள். பரதனும் அழைத்தது அப்படித்தான்.