திரைக்குப் பின்னாலிருந்து கேட்டல்

தமிழில் 'திரை' என்னும் சொல் இருவகையாகப் பொருள்படும். மறைப்பதும் திரை, காட்டுவதும் திரை. மேடையில் தொங்கும் திரை விலகினால் நாடகம் தொடங்கும் என்பது பழைய வழக்கம். இல்லத்தில் இருக்கும் திரை ஒளிர்ந்தால் நாடகம் தொடங்கும் என்பது இன்றைய வழக்கம். இவ்விரண்டு அனுபவங்களும் ஒன்றுதானா, வேறு வேறு எனில் அவ்வேறுபாட்டை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே நாம் இங்கு ஆராய விழைவது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பள்ளிவாசல்களோடு நாடக அரங்குகளும் மூடப்பட்டன. இலண்டன் மாநகரின் தேசிய நாடக அரங்கம் தன் நாடகங்களை நேரடியாகத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பும் முயற்சியை 2009 ஜூன் மாதத்திலேயே தொடங்கியிருந்தது. 2020 ஏப்ரல் 2 முதல் அது வாரம் ஒரு நாடகப் பதிவை யூடியூப் வழியே இலவசமாக வழங்கலாயிற்று. ஷேக்ஸ்பியரின் பெயரோடு இணைந்த குளோப் அரங்கமும் அவ்வழியே சென்றது. தில்லியின் தேசிய நாடகப் பள்ளி இணையவழி உரைகளை ஏற்பாடு செய்தது. தமிழகத்து நாடகக் குழுவினரும் உரையாடல்களையும் பழைய பதிவுகளையும் இணையத்தில் ஏற்றினர். தொற்று தணிந்து அரங்குகள் திறந்த பின்னரும் இப்பழக்கம் நின்றுவிடவில்லை.

இதனால் விளைந்த நன்மையை முதலில் ஒப்புக்கொள்வது நீதியாகும். கோவிலம்பாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகரில் வாழ்வோருக்கு, எழும்பூர் அருங்காட்சியக அரங்கமும் மயிலாப்பூர் சபாக்களும் தொலைதூரத்தவை. மேடவாக்கம் சாலையின் நெரிசலைக் கடந்து சென்று, நாடகம் முடிந்து இல்லம் திரும்புவதென்றால் ஒரு மாலைப்பொழுது முழுதும் கரைந்துவிடும். நம்மவர்க்கு இன்னொரு தடையும் உண்டு. சபா நாடகங்கள் தொடங்கும் வேளை பெரும்பாலும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்டது. இல்லத்திலோ தொழுகைக்காக நாடகத்தை நிறுத்திவைத்துப் பின்னர் தொடரலாம். அரங்கின் வாயிலையே கண்டிராத நம் பெண்மக்களும் முதியோரும் மதரஸா மாணவர்களும் உலக நாடகங்களைக் காணும் வாய்ப்பு இவ்வழியில்தான் கிட்டியது. இதை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

ஆயினும், கிடைத்தது எது என்று அறியாமல் கொண்டாடுவது அறிஞர் மரபன்று. இணையத்தில் காண்பது நாடகமே அன்று என மறுப்போரும் உளர்; அரங்கைவிட இதுவே மேல் என்போரும் உளர். இரு சாராரும் ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகளை வைத்துக்கொண்டு வாதிடுகின்றனர். நம் முன்னோர்களான முஹத்திஸ்கள் இத்தகைய வினாவை இவ்வாறு அணுகவில்லை. ஒரு செய்தி ஒருவரை வந்தடையும் வழிகளை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரத்தை வழங்கினர். ஹிஜ்ரி 643இல் (1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களின் 'முகத்திமா' இதனை விரிவாகப் பேசுகிறது. ஹதீஸின் கண்ணியம் வேறு, நாடகத்தின் நிலை வேறு என்பதில் ஐயமில்லை. நாம் இரவல் பெறுவது அளவுகோலை மட்டுமே.

அந்த எட்டில் பெரும்பாலோர் முதலிடம் தந்தது 'ஸமாஃ', அதாவது ஆசிரியரின் வாயிலிருந்து நேரே கேட்பது. கடைசியில் வருவது 'விஜாதா', அதாவது ஒருவருடைய எழுத்தைக் கண்டெடுப்பது. கண்டெடுத்தவர் 'இன்னாருடைய கையெழுத்தில் கண்டேன்' என்றே சொல்ல வேண்டும். 'அவரிடம் கேட்டேன்' என்று சொல்லலாகாது. இவ்விரு முனைகளுக்கும் இடையே நமக்கு மிகவும் பயன்படும் இரு விவாதங்கள் உள்ளன. முதலாவது, திரைக்குப் பின்னாலிருந்து கேட்பது செல்லுமா என்பது. முகத்தைக் காணாமல் கேட்டதை அறிவிக்கலாகாது என்பது ஷுஅபா (ரஹ்) அவர்களின் கருத்து. பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் திரைக்கு அப்பாலிருந்து கேட்டே நபித்தோழர்கள் அறிவித்துள்ளனர். இரவின் இருளில் பாங்கு சொல்பவர் யார் என்பதும் குரலால்தான் அறியப்பட்டது. குரல் இன்னாருடையது என்று உறுதியானால் கேள்வி செல்லும் என்பதே முடிவு.

இரண்டாவது, 'முஸ்தம்லீ' பற்றியது. பேரவைகளில் ஆசிரியரின் குரல் கடைசி வரிசையை எட்டாது. ஆகவே இடையிடையே நின்று அவர் சொற்களை உரக்கத் திருப்பிச் சொல்பவரே முஸ்தம்லீ. ஒலிபெருக்கி இல்லாக் காலத்து ஒலிபெருக்கி அவர். அவர் குரலை மட்டும் கேட்டவர், ஆசிரியரிடமே கேட்டதாகச் சொல்லலாமா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். இடையில் ஒருவர் நிற்கிறார் என்பதை மறைக்கலாகாது என்ற கவலையே அவ்விவாதத்தின் உயிர்.

இவ்வளவுகோலைக் கொண்டு இணையவழி நாடக உரைகளை முதலில் நோக்குவோம். நாடக ஆசிரியர் ஒருவர் நேரலையில் பேசுகிறார், நாம் இல்லத்திலிருந்து கேட்கிறோம், வினாவும் தொடுக்கிறோம். இது திரைக்குப் பின்னாலிருந்து கேட்பதற்கு ஒப்பானது. உரையின் சாரம் சொல்லில் இருப்பதால் இழப்பு சிறிதே. வினாத் தொடுக்க வழியில்லாத பழைய பதிவு ஒருபடி கீழே நிற்கும். எனினும் கூத்துப்பட்டறையை 1977இல் நிறுவிய ந. முத்துசாமி 2018இலும், கிரீஷ் கர்னாட் 2019இலும், இப்ராஹீம் அல்காஸி 2020இலும் மறைந்துவிட்ட பின்னர், அவர்களின் குரல் எஞ்சியிருப்பது பதிவுகளில்தான். அவ்வகையில் இப்பதிவுகள் அரியவை.

நிகழ்த்துதலோ வேறு வகை. அதன் சாரம் சொல்லில் மட்டும் அடங்குவதன்று. அரங்கில் அமர்ந்தவர், பேசுகிறவனை விட்டுவிட்டு மேடையின் ஓரத்தில் மௌனமாக நிற்பவனை நோக்கலாம். பதிவில் அந்த உரிமை ஒளிப்பதிவாளருக்கே உண்டு. அவர் காட்டும் முகமே நாம் காணும் முகம். முஸ்தம்லீ சொல்லைத் திருப்பித் தந்தார்; ஒளிப்பதிவாளரோ தேர்ந்தெடுத்துத் தருகிறார். இலண்டன் அரங்கம் அந்த ஏப்ரலில் முதலில் வழங்கிய 'ஒன் மேன், டூ கவ்னர்ஸ்' நகைச்சுவை நாடகத்தில் நடிகர் பார்வையாளர்களோடு நேரே உரையாடுவார். இல்லத்தில் இருந்து காண்பவர் அந்த உரையாடலில் பங்குகொள்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறு சிலர் சிரித்த சிரிப்பையே அவர் கேட்கிறார்.

நம் மண்ணின் கூத்தை நோக்கினால் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். காஞ்சிபுரம் வட்டாரத்துக் கட்டைக்கூத்து இரவு முழுதும் நடப்பது. கண் அயர்ந்தவர் மத்தளமும் முகவீணையும் ஓங்கும்போது விழித்துக்கொள்வார். விடியலை நோக்கிக் கதையும் ஊரும் ஒன்றாக நகரும். அதனை ஒரு மணி நேரமாகச் சுருக்கிய பதிவில் பாட்டும் வேடமும் கிடைக்கும். அந்த இரவு கிடைக்காது.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். எகிப்தின் தவ்ஃபீக் அல்ஹகீம் சூரத்துல் கஹ்ஃபின் குகைவாசிகளைக் கருவாக்கி, 1933இல் 'அஹ்லுல் கஹ்ஃப்' நாடகத்தை வெளியிட்டார். 1935இல் மேடையேறியபோது அது அரங்கில் எடுபடவில்லை. பின்னாளில் அவரே, தம் நாடகங்களின் மேடை மனிதச் சிந்தைக்குள் அமைந்தது என்று விளக்கமளித்தார். நாடகம் சிந்தையிலேயே நடக்கக்கூடுமெனில், இல்லத்துத் திரையில் நடப்பதற்கு என்ன குறை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அல்ஹகீம் மேடைக்குப் பதிலாக வைத்தது வாசிப்பை. வாசகர் தம் சிந்தையில் காட்சியைத் தாமே அமைக்கிறார். பதிவைக் காண்பவருக்கு அந்த உழைப்பும் இல்லை. அரங்கில் அமர்ந்தவரின் உரிமையும் இல்லை. ஆகவே அவர் கூடுதல் கவனத்தோடு காண வேண்டியவராகிறார்.

நடப்பதோ நேர்மாறாக உள்ளது. ஹதீஸ் மஜ்லிஸ்களில் வந்தோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் இருந்தது. முழுதும் கேட்டவர் யார், பாதியில் வந்தவர் யார், உறங்கியவர் யார் என்பதுகூடச் சில ஏடுகளில் குறிக்கப்பட்டுள்ளது. இல்லத்துத் திரையின் முன் நம்மைக் குறிப்பவர் எவருமில்லை. தொழுகைக்காக நிறுத்தியவர் மீண்டும் வந்து அமர்கிறார். கைப்பேசி அழைத்தமைக்காக நிறுத்தியவர் பலவேளை திரும்புவதில்லை. முதல் கால்மணி நேரம் கண்டு, நடுவில் தாவி, முடிவைப் பார்த்துவிட்டுக் கருத்துரைப்போர் பெருகிவிட்டனர்.

நம் சமுதாயத்துக்கு இது வெறும் இரசனைச் சிக்கல் அன்று. கர்னாட் 1964இல் எழுதிய 'துக்ளக்', சோ 1968இல் மேடையேற்றிய 'முகமது பின் துக்ளக்', இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' ஆகியவை முஸ்லிம் ஆட்சியாளர்களை மேடையில் நிறுத்தியவை. சோவின் நாடகத்தில், தில்லியில் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதாவின் பெயரே நகைச்சுவைக்கு உரியதாகிறது. இவற்றுள் எது வரலாற்றை வளைக்கிறது, எது அதிகாரத்தின் இயல்பை விளக்க வரலாற்றை உருவகமாகக் கொள்கிறது என்று பிரித்துணர்வது நம் கடமை. 'துக்ளக்'கைத் தில்லி பழைய கோட்டையில் அரங்கேற்றிய அல்காஸி, அரபு வழிவந்த பெற்றோருக்குப் பூனாவில் பிறந்தவர் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத் துணுக்கைக் கண்டு கண்டனம் எழுதுவதும் புகழ்மாலை சூட்டுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். ஹதீஸ் கலையில் அதற்கு 'தத்லீஸ்' என்று பெயர்: நேரில் கேளாததைக் கேட்டதுபோல் தோன்றச் சொல்வது. பதிவைக் கண்டவர் 'பதிவில் கண்டேன்' என்று எழுதட்டும். துணுக்கைக் கண்டவர் அதனையும் சொல்லட்டும். அதனால் அவர் மதிப்பு குறையாது. அவர் சொல்லின் எடை இன்னதென்று வாசகருக்குத் தெரியும்.

நம் அரபுக் கல்லூரிகளில் 'மகாமாத்துல் ஹரீரீ'யைப் பயிற்றுவிக்கிறோம். ஊர்தோறும் வேடம் மாறி, நாவன்மையால் அவையோரை மயக்கும் அபூஸைதின் கதைகள் அவை. அவற்றைச் சுவைக்கத் தெரிந்த மாணவர்க்கு நாடகம் அந்நியமானதன்று. ஆகவே ஆசிரியர்களுக்கு ஒன்றை முன்வைக்கிறோம். திங்களுக்கு ஒருமுறை, தகுதியான ஒரு நாடகப் பதிவை மாணவர்கள் ஒன்றுகூடி, தொழுகை தவிர வேறெதற்கும் நிறுத்தாமல், முழுதும் காணட்டும். பின்னர் வட்டமாக அமர்ந்து விவாதிக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரங்குக்கே சென்று ஒரு நல்ல நாடகத்தைக் காணட்டும். ஸமாஃ இன்னதென்று ஒருமுறை அறிந்தவர், பின்னர் விஜாதாவை அதற்குரிய இடத்தில் வைத்துப் போற்றுவார்.